காக்காய் தூக்கிப் போன கிலுகிலுப்பை



கைக்குழந்தை ஒன்று கத்தரிக்கோலையோ மருந்துப் புட்டியையோ எடுத்து வைத்துக்கொண்டு தர மறுத்தால் நம் வீடுகளில் என்ன செய்வார்கள்? பாட்டி அதை மெல்ல வாங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, வானத்தைக் காட்டி, "காக்காய் தூக்கிக்கொண்டு போய்விட்டது" என்பாள். ஆறு மாதக் குழந்தைக்கு அந்தப் பொய்கூடத் தேவையில்லை. பொருள் கண்ணுக்கு மறைந்ததும் அது வேறு காரியம் பார்க்கப் போய்விடும். பத்து மாதக் குழந்தை முந்தானையைப் பிடித்து இழுக்கும். இரண்டு வயதுப் பிள்ளையோ காக்காயையும் நம்பாது, முந்தானையோடும் நிற்காது. தலையணையடி, அரிசிப் பானை, பாட்டியின் சுருக்குப்பை என்று ஒவ்வொன்றாகச் சோதனை போட்டுவிடும்.

அந்த ஆறு மாதத்துக்கும் இந்த இரண்டு வயதுக்கும் இடையில் குழந்தையின் மனத்தில் என்ன நடக்கிறது? கண்ணுக்கு மறைந்த பொருள் உலகத்தில் இன்னும் இருக்கிறது என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக அறிஞர்கள் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு வாதாடி வருகிறார்கள். அந்த வாதத்தின் வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

சிங்கப்பூரின் வடகிழக்குக் கோடியில் உள்ள பொங்கோலை நினைத்துக்கொண்டு இதைச் சொல்வதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. கிளையில் குச்சியை வீசி எறிந்து பழத்தை விழச் செய்வதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. பிறகு கோழிப் பண்ணைகளும் பன்றிப் பண்ணைகளும் பெருகின. அவையும் போய், 1996-இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி புதிய நகரம் எழுந்தது. 2003-இல் ரயில் நிலையம் திறந்தார்கள். இன்று இது இளம் குடும்பங்கள் நிறைந்த அடுக்குமாடி ஊர். பிள்ளை பிறந்து இரண்டு மாதம் ஆனாலே பராமரிப்பு நிலையத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். காலையில் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடும் தாய்மாரை இங்கே நாள்தோறும் பார்க்கலாம்.

தோட்டத்துக் குடும்பங்களுக்கு இது புதிய காட்சி அல்ல. மலாயாத் தோட்டங்களில் விடியுமுன்னே பெரட்டுக்குப் போக வேண்டும். பால்வெட்டப் போகும் தாய், தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஆயாக்கொட்டகையில் விடுவாள். சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும் அந்தக் கொட்டகையில் ஒரே ஓர் ஆயா பல பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். ஐந்தாறு மாதம் வரைக்கும் யார் கையில் கொடுத்தாலும் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை, எட்டு மாதத்தில் தாய் முதுகைத் திருப்பினாலே வீறிட்டு அழத் தொடங்கும். "பிள்ளை அடம் பிடிக்கப் பழகிவிட்டது, செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்ற பேச்சைத் தாய் கேட்க வேண்டியிருக்கும். அந்த அழுகைக்கும் மறைந்த கிலுகிலுப்பைக்கும் சம்பந்தம் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

குழந்தையின் மாதங்களைக் கணக்கெடுத்துப் பார்ப்பது தமிழருக்குப் பழக்கமான காரியந்தான். ஐந்தாம் மாதத்தில் கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் கை கொட்டுவது சப்பாணி என்று பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் பருவம் வகுத்தார்கள். அது பாராட்டுக்காக வகுத்தது. குழந்தையைச் சோதித்துப் பார்த்துக் குறிப்பெழுதும் வழக்கம் மேல்நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியது. பரிணாமக் கொள்கை சொன்ன சார்லஸ் டார்வின்கூட, 1839-இல் பிறந்த தம் மூத்த மகனைப் பற்றி எழுதி வைத்திருந்த குறிப்புகளை 1877-இல் கட்டுரையாக வெளியிட்டார்.

ஆனாலும் பொருளை மறைத்து வைத்துக் குழந்தை தேடுகிறதா என்று பார்ப்பதை ஒரு பெரிய ஆராய்ச்சியாக்கியவர் ழான் பியாஜே. ஸ்விட்சர்லாந்தில் நொஷாடெல் என்னும் ஊரில் 1896-இல் பிறந்தவர். இளமையில் அவர் ஆராய்ந்தவை நத்தைகள், சிப்பிகள் முதலியவை. நத்தையிலிருந்து குழந்தைக்கு வந்தவர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஓர் உயிர் தன் சுற்றுப்புறத்தோடு எப்படிப் பொருந்திப் போகிறது என்ற கேள்வி அவருக்கு இரண்டிலும் ஒன்றுதான். அவருக்கு மூன்று பிள்ளைகள். 1925-இல் ஜாக்லீன், 1927-இல் லூசியன், 1931-இல் லொரான் பிறந்தார்கள். அவரும் அவர் மனைவி வாலன்டீனும் இந்த மூன்று பிள்ளைகளும் செய்ததை நாள் தவறாமல் பார்த்துக் குறித்தார்கள். அதிலிருந்து பிறந்த நூல்கள் 1936-இலும் 1937-இலும் வெளிவந்தன. பெரிய ஆராய்ச்சிக்கூடம் ஏதும் இல்லை. தொட்டில், போர்வை, மெத்தை, சில பொம்மைகள், அவ்வளவே.

ஜாக்லீனுக்கு ஏழு மாதம் முடிந்து எட்டு நெருங்கும் சமயம். போர்வைமேல் ஒரு பொம்மை வாத்து. அதைப் பிடிக்கக் கையை நீட்டுகிறாள். வாத்து வழுக்கி, அவள் கைக்கு அருகிலேயே துணி மடிப்புக்குள் போய்விடுகிறது. கண் அதன் பின்னாலேயே போயிற்று; கையும் போயிற்று. ஆனால் வாத்து மறைந்த அந்தக் கணத்தோடு எல்லாம் நின்றுவிட்டது! மடிப்பை விலக்கிப் பார்க்கவில்லை, அழவும் இல்லை. வாத்தை எடுத்துக் காட்டினால் மறுபடி கை நீட்டுகிறாள், துணியால் மூடினால் மறுபடி கையை மடக்கிக்கொள்கிறாள். கண்ணை விட்டு மறைந்த பொருள் இந்த வயதுக் குழந்தைக்கு இல்லாமலே போய்விடுகிறது என்று பியாஜே முடிவு கட்டினார்.

இதைவிட விநோதமானது அடுத்த கட்டம். பத்தரை மாதத்தில் ஜாக்லீனை மெத்தையில் உட்கார வைத்து, அவள் கையிலிருந்த பொம்மைக் கிளியை வாங்கி இடது பக்கத்து மெத்தையடியில் ஒளித்தார். உடனே எடுத்துவிட்டாள். இன்னொரு தடவையும் அங்கேயே ஒளித்தார், எடுத்தாள். மூன்றாம் தடவை அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெதுவாக, வலது பக்கத்து மெத்தையடியில் வைத்தார். அவளும் கவனமாகத்தான் பார்த்தாள். கிளி மறைந்தவுடன் என்ன செய்தாள் தெரியுமா? இடது பக்கம் திரும்பி, பழைய இடத்திலேயே தேடினாள்!

நேயர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பால் மங்கு இரண்டு போதும், நன்றாகக் கழுவியவை. வாயில் போட்டு விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய பொம்மை ஒன்றை வலது மங்குக்கு அடியில் இரண்டு மூன்று தடவை ஒளித்து எடுக்க விடுங்கள். பிறகு பிள்ளை பார்க்கவே இடது மங்குக்கு அடியில் வைத்து, கொஞ்சம் பொறுத்து அதை முன்னே நகர்த்துங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைகளில் பலர் வலது மங்கையே கவிழ்த்துப் பார்ப்பார்கள். தவறினால் கடிந்துகொள்ள வேண்டாம். ஜெனீவா நகரத்துப் பேராசிரியர் மகளும் அப்படித்தான் தவறினாள்.

பியாஜே குறித்தவற்றுள் நமக்கு மிகப் பிடித்தது லூசியனைப் பற்றியது. அவளுக்கு ஒன்றே கால் வயது. தாயோடு தோட்டத்தில் நிற்கிறாள். தகப்பனார் வந்து சில அடி தூரத்தில் நிற்கிறார். அவரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறாள். "அப்பா எங்கே?" என்று தாய் கேட்கிறாள். குழந்தை உடனே திரும்பி, அப்பா வழக்கமாகத் தெரியும் அலுவல் அறை ஜன்னலைக் காட்டுகிறாள்! எதிரில் நிற்கும் அப்பாவும் ஜன்னலில் தெரியும் அப்பாவும் அவளுக்கு இன்னும் முழுவதும் ஒன்றாகவில்லை.

ஒன்றரை வயதுக்கு மேல் இந்தக் குழப்பம் தீர்கிறது. ஒரு நாணயத்தைக் கைக்குள் மூடி, அந்தக் கையைப் போர்வைக்குள் விட்டு, மூடிய கையாகவே வெளியே எடுத்தார் பியாஜே. ஒரு வயது ஏழு மாதமான ஜாக்லீன் முதலில் கையைத் திறந்து பார்த்தாள். இல்லை. உடனே போர்வைக்குள் தேடி நாணயத்தை எடுத்துவிட்டாள். நாணயம் போர்வைக்குள் விழுந்ததை அவள் கண்ணால் பார்க்கவில்லை. மனத்தால் பார்த்தாள். இங்கேதான் காக்காய்க் கதை செல்லாக்காசு ஆகிறது.

பல ஆண்டுகள் இந்தக் கருத்தே கோலோச்சியது. ஆனால் சிலருக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. குழந்தை தேடவில்லை என்பதால் அதற்குத் தெரியவில்லை என்று ஆகிவிடுமா? மூடியைத் திறந்து எடுக்கும் கைவேலை அதற்கு வராமல் இருக்கலாம் அல்லவா? எடின்பரோவில் டி. ஜி. ஆர். பவர் என்பவரும் ஜெனிபர் விஷார்ட் என்பவரும் 1972-இல் ஓர் எளிய உபாயம் கண்டார்கள். கிண்ணத்தால் மூடினால் பொம்மையை எடுக்கத் தெரியாத குழந்தைகளின் முன்னால் பொம்மையைக் காட்டிவிட்டு விளக்கை அணைத்தார்கள். இருட்டிலும் பார்க்கக்கூடிய படக்கருவி வைத்துக் கவனித்தார்கள். குழந்தைகள் இருட்டில் கை நீட்டிப் பொம்மையைப் பிடித்தன! அப்படியானால் கண்ணுக்குத் தெரியாதது இல்லை என்று அவை நினைக்கவில்லை.

அமெரிக்காவில் ரெனே பையார்ஜோன் முதலானோர் 1985-இல் கையை விட்டுவிட்டுக் கண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். ஐந்து மாதக் குழந்தைக்கு முன்னால் ஒரு தட்டி. அதன் பின்னே ஒரு பெட்டி. தட்டி பின்பக்கம் சாயும்போது பெட்டி மறைந்துவிடும். முறைப்படி தட்டி பெட்டியில் முட்டி நிற்க வேண்டும். தந்திரமாகப் பெட்டியை அகற்றிவிட்டு, தட்டியை முழுவதும் சாயும்படி விட்டார்கள். நடக்க முடியாத அந்தக் காட்சியைக் குழந்தைகள் அதிக நேரம் உற்றுப் பார்த்தன. பெட்டி உள்ளே இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியும் என்றார்கள் ஆராய்ந்தவர்கள். உற்றுப் பார்ப்பதை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா என்று எதிர்த்தவர்களும் உண்டு. அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. குழந்தைக்கு ஏதோ ஓர் அறிவு முன்னமே இருக்கிறது, ஆனால் அது தேடி எடுக்கும் அளவுக்குப் பலப்படவில்லை என்று கொள்வதே பொருத்தம் என்று நமக்குத் தோன்றுகிறது.

அறிவுக்கும் கைக்கும் நடுவே என்ன தடை? 1985-இல் அடேல் டயமண்ட் என்ற அம்மையார் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குப் பதில் சொல்லிற்று. இருபத்தைந்து குழந்தைகளை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பல மாதங்கள் தொடர்ந்து சோதித்தார். ஒளித்து வைத்த பிறகு எத்தனை விநாடி காக்க வைத்தால் குழந்தை தவறுகிறது என்று கணக்கிட்டார். ஏழரை மாதத்தில் இரண்டு விநாடிகூடத் தாங்கவில்லை. ஒரு வயதில் பத்து விநாடிக்கு மேல் தாங்கியது. ஒளித்த இடத்தை நினைவில் வைப்பது ஒரு வேலை. பழகிய இடத்துக்குத் தானாகப் போகும் கையை அடக்குவது இன்னொரு வேலை. இரண்டும் நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை முதிர முதிரக் கைகூடுகின்றன. சரியான இடத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, கையை மட்டும் பழைய இடத்துக்கு நீட்டிய குழந்தைகளும் உண்டு. வேலை மாறிய முதல் நாள் பழைய நிரைக்கே கால் போகும் பெரியவர்களுக்கு இது விளங்கும்.

ஹங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளர் ஜோசப் டோபால் குழுவினர் 2008-இல் இதில் ஒரு புதிய திருப்பம் கண்டார்கள். பத்து மாதக் குழந்தையின் கண்ணைப் பார்த்து, சிரித்து, கூப்பிட்டுப் பேசி ஒளித்தால் குழந்தை மிகுதியாகத் தவறியது. முகம் திருப்பிக்கொண்டு பேசாமல் ஒளித்தால் தவறு குறைந்தது! பெரியவர் முகம் பார்த்துச் சொன்னால், 'இந்தப் பொருள் இருக்க வேண்டிய இடம் இது' என்று பாடம் சொல்வதாகக் குழந்தை எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம். மறு ஆண்டு அதையே நாய்களிடம் செய்தார்கள். மனிதரோடு பழகிய நாய்களும் குழந்தைகளைப் போலவே ஏமாந்தன. கையால் வளர்த்த ஓநாய்கள் ஏமாறவில்லை.

இனி அந்தத் தாயின் அழுத பிள்ளைக்கு வருவோம். அமெரிக்காவில் சில்வியா பெல் என்பவர் 1970-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பொம்மையை ஒளிப்பதோடு தாயையும் ஒளியச் சொன்னார். பெரும்பாலான குழந்தைகள் பொம்மையைத் தேடக் கற்குமுன்பே தாயைத் தேடக் கற்றிருந்தன. பின்னால் வந்த ஆராய்ச்சிகள் எல்லாம் இதை ஒரே அளவில் உறுதி செய்யவில்லை. என்றாலும், பிரிவுக்கு அழுவதும் மறைந்ததைத் தேடுவதும் ஏறக்குறைய ஒரே மாதங்களில் தோன்றுவதை எந்தத் தாயும் வீட்டிலேயே காணலாம். கொட்டகை வாசலில் எட்டு மாதப் பிள்ளை அழுதது செல்லத்தால் அல்ல. அம்மா கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எங்கேயோ இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டதால். திரும்பி வருவாள் என்பது மட்டும் இன்னும் அதற்கு உறுதிப்படவில்லை.

பல தாய்மார், ஆயா பிள்ளைக்கு வேடிக்கை காட்டும்போது பின்பக்கமாக நழுவிப் போவார்கள். வேறு வழியில்லாமல் செய்தது. குற்றம் சொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் இதுவும் காக்காய் தூக்கிப் போன கதைதான். தேடத் தெரிந்த பிள்ளை அதை நம்பாது. அம்மா எந்த நேரமும் காணாமல் போகக்கூடும் என்று எண்ணி, அடுத்த நாள் அவள் வீட்டில் இருக்கும்போதே முந்தானையை விடாது. அதனால்தான் பராமரிப்பு நிலையங்களில், முகத்தைக் காட்டி, போய் வருகிறேன் என்று சொல்லி, சுருக்கமாக விடைபெறும்படி தாய்மாருக்குச் சொல்கிறார்கள். அழுகை அன்றைக்கே நிற்காது. பொங்கோலில் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தாய்க்கு அந்த ஒரு நிமிடமும் பாரமாகத்தான் இருக்கும்.

விலை கொடுத்து வாங்கிய பொம்மைகள் இல்லாத வீட்டுப் பிள்ளை இதிலெல்லாம் பின்தங்கிவிடுமோ என்று சிலர் கேட்கலாம். இந்தக் கேள்வியை ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டின் பாவுலே இன மக்களிடையே பியர் தாசன் முதலியோர் ஆராய்ந்து, 1978-இல் நூலாக வெளியிட்டார்கள். பியாஜே சொன்ன அதே படிகள், அதே வரிசையில், அந்தக் கிராமத்துக் குழந்தைகளிடமும் இருந்தன. குச்சியைக் கொண்டு எட்டாத பொருளை இழுப்பது போன்ற சிலவற்றில் அவை பிரெஞ்சுக் குழந்தைகளை முந்தியும் இருந்தன. சிங்கப்பூரிலும், கஸ்டோ என்னும் பெரிய ஆய்வு 2009-இல் தொடங்கியது. கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய மூவினத்தையும் சேர்ந்த ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட கர்ப்பிணித் தாய்மாரைச் சேர்த்து, பிறந்த பிள்ளைகளின் உடல்நலத்தோடு மனவளர்ச்சியையும் ஆண்டுக்கணக்கில் கவனித்து வருகிறார்கள். யாரோ ஒரு பேராசிரியரின் மூன்று பிள்ளைகளோடு தொடங்கிய கணக்கில் நம் பிள்ளைகளும் சேர்ந்துவிட்டார்கள்.

இரண்டு வயதோடு தேடுதல் முடிந்துவிடுவதில்லை. ஜூடி டிலோச் என்ற அமெரிக்க அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும் 1985-இல், ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகள் பார்க்க ஒரு பொம்மைப் பறவையை ஒளித்துவிட்டு, சில நிமிடம் வேறு விளையாட்டுக் காட்டினார்கள். குழந்தைகள் விளையாடிக்கொண்டே, நடுநடுவே ஒளித்த இடத்தைப் பார்த்தன, கையால் காட்டின, பொம்மையின் பெயரைச் சொல்லிக்கொண்டன. மறந்துவிடாமல் இருக்க முயற்சி செய்ய வேண்டும் என்று அந்த வயதிலேயே அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

வேறொருவர் எங்கே தேடுவார் என்று அறிவது இதைவிடக் கடினம். ஆஸ்திரியாவைச் சேர்ந்த வைமரும் பெர்னரும் 1983-இல் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது தாய் அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்த மாக்ஸி எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் சாக்லேட் இப்போது இருக்கும் அலமாரியையே காட்டினார்கள். தங்களுக்குத் தெரிந்தது மாக்ஸிக்கும் தெரியும் என்பது அவர்கள் எண்ணம். நான்கு வயதைத் தாண்டியவர்களிடந்தான் சரியான விடை வரத் தொடங்கியது. கண்ணாமூச்சி ஆடும்போது தன் கண்ணை மட்டும் பொத்திக்கொண்டு நடுக்கூடத்தில் நின்று, தான் ஒளிந்துவிட்டதாக நினைக்கும் மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்து நாம் சிரித்திருக்கிறோம் அல்லவா?

அதே பிள்ளை ஆறேழு வயதில் கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் ஆடும் அழகே வேறு. நீளமாக மணலைக் குவித்து, ஒரு சிறு குச்சியை விரலிடுக்கில் பிடித்து, மணலுக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கையை ஓட்டுவார்கள். போகிற வழியில் எங்கேயோ குச்சியை விட்டுவிடுவார்கள். எதிராளி இரண்டு கைகளையும் கோத்து அந்த இடத்தின்மேல் பொத்த வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை குச்சியை முன்னமே விட்டுவிட்டு, வெறுங்கையோடு வேறோர் இடத்தில் கொஞ்சம் தயங்கி நிற்கும். எதிராளியின் கண் தன் கையைத்தான் பார்க்கிறது என்று அதற்குத் தெரியும். தயங்கிய இடத்தில் அவன் கையைப் பொத்துவதற்குள்ளேயே இதற்குச் சிரிப்பு வந்துவிடும்.